மெழுகுதிரிக்கு முன்னால் சொன்னது

ஒக்டோபர் 9, செவ்வாய், 2007

விடியற்காலையிலிருந்து மழை. லயத்து வீட்டுக் கூரையில் புதிதாக இன்னொரு ஒழுக்கு, சரியாக அடுப்புக்கு மேலே. வாளியை வைத்துவிட்டுப் புறப்பட்டேன். பலாபத்வலைச் சந்திக்கு இறங்குவதற்குள் சேலை முழங்கால் வரை சேறு.

மிளகு, கறுவா ஸ்டோர் வாசலில் ரவீந்திரன். சுப்பவைசர். கையில் கட்டின மணிக்கூட்டைப் பார்க்கிறான். என்னைப் பார்க்கவில்லை. அப்படியே அவன் அப்பன்தான். அப்பன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. எழுபத்து நாலு, பஞ்ச காலம். மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத நேரம். என் இரண்டாவது பிள்ளையைக் காலையில் புதைத்துவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் நேரே மலைக்குப் போனேன், கொழுந்து எடுக்க. அன்றைக்கு எனக்கு அரைப்பேர் போட்டான் கணக்கப்பிள்ளை, அரை நாள் கூலி. “நேரம் பிந்தி வந்தா அரைப்பேருதான்” என்றான். எதற்குப் பிந்தினேன் என்று அவனுக்குத் தெரியும். அந்த வாய், அந்த வெற்றிலைக் கறை எல்லாம் அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது.

எனக்கு மறதி கிடையாது. எழுதித்தான் ஞாபகம் வைக்க வேண்டும் என்றில்லை. எழுதினால் கோபத்தில் கொஞ்சம் கொப்பிக்குள் போகும், மருமகள் மேல் போகாது. அதற்காகத்தான். படித்தது மூன்றாம் வகுப்பு. இவ்வளவு போதும்.

இன்று மிளகு. காம்பு, கல், சொத்தை பொறுக்குவது. தும்மல் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு ரவீந்திரன் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னான்: நாளைக்குப் பின்னேரம் வேலை இல்லை, கிளாஸ். கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வருகிறாள். விழுமியங்கள் பற்றி.

பரீதா கேட்டாள்: “அது என்னா சாமான் தம்பி? கறிக்குப் போடுறதா, பிரியாணிக்கா?”

எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் அடுத்த மாதம் ஸ்டோரைப் பார்க்க வருகிறார்களாம். நம் மிளகும் கறுவாவும் வாங்குகிறவர்கள். வேலை செய்கிற நாம் எல்லாரும் எதை முக்கியமாக நினைக்கிறோம் என்று சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டுமாம். சுவரில் எழுதி மாட்ட வேண்டுமாம்.

வாங்க: மண்ணெண்ணெய், பருப்பு, பேத்திக்குப் பென்சில்.

ஒக்டோபர் 10, புதன்

மழை விட்டுவிட்டது. புழுக்கம்.

கிளாஸ். சாக்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். மிஸ் சின்னப் பெண். கண்ணாடி, பருத்திச் சேலை, சிரிப்பு. மெனேஜர் வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், பாயில் எங்களோடு உட்கார்ந்தார். “இன்னைக்கு நான் மெனேஜர் இல்ல. உங்கள்ல ஒருத்தன்” என்றார். இந்த ஸ்டோரில் நான் இருக்கும் காலத்தில் அந்த மனிதர் கால் தரையில் பட்டதைப் பார்த்ததில்லை. பரீதா என் காதில்: “மேசு ஓட்டை, பாருங்கக்கா.” உண்மைதான், பெருவிரல் வெளியே.

ரவீந்திரன் மட்டும் உட்காரவில்லை. லொறிக்குச் சாக்கு ஏற்றுகிறார்கள் என்று வாசலிலேயே நின்றான்.

மிஸ் அட்டைகளைப் பரப்பினாள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, படம் போட்டு. நேர்மை. குடும்பம். சுத்தம். மரியாதை. பாதுகாப்பு. ஒற்றுமை. தைரியம். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். பரீதா குடும்பம். சுமனா மரியாதை. மல்லிகா சுத்தம். மெனேஜர் பாதுகாப்பு என்ற அட்டையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

“பாட்டிம்மா, உங்களுக்கு எது முக்கியம்?”

“மறக்காம இருக்கிறது.”

மிஸ் தேடினாள். அந்த அட்டை இல்லை. “மன்னிப்புன்னு ஒண்ணு இருக்கு பாட்டிம்மா. அதை எடுத்துப் பாருங்களேன்.”

“அதை நீயே வச்சுக்கம்மா” என்றேன். அட்டை இல்லாமல் உட்கார்ந்தேன்.

பிறகுதான் அது. கதவைச் சாத்தினாள், வெளிச்சத்தை அணைத்தாள், ஒரு சாசரில் மெழுகுதிரியை ஏற்றிப் பாய்க்கு நடுவில் வைத்தாள். முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு வாக்குச் சொல்ல வேண்டும்: இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். சொன்னோம். மெனேஜரும் சொன்னார், எங்களைவிடச் சத்தமாக. பிறகு ஒவ்வொருவரும் அந்தச் சுடரைப் பார்த்து, மனதில் இருக்கும் உண்மையான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மிஸ், எங்களுக்கு வெட்கம் என்று நினைத்தாள். வெட்கம் இல்லை. தோட்டத்தில் கோழி காணாமல் போனாலும், ஒரு பெண் மேல் பழி விழுந்தாலும், கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி அதற்கு முன்னால்தான் சொல்ல வைப்பார்கள். நெருப்புக்கு முன்னால் பொய் சொன்னால் அந்தக் குடும்பம் விளங்காது. உண்மையை மறைத்தாலும் அதே கதிதான். நெருப்பை நடுவில் வைத்து உண்மையைச் சொல் என்றால் எங்களுக்கு அது சத்தியம். கொழும்பு மிஸுக்கு அது மெழுகுதிரி.

பரீதா தப்பித்தாள். “நாங்க அல்லாஹ் மேலதான் சத்தியம் செய்வோம் மிஸ், மெழுகுதிரி மேல இல்ல. ஆனாலும் சொல்றேன், என் மாப்பிள்ளைக்குச் சமைக்க எனக்கு விருப்பமே இல்ல.” சிரிப்பு. சுமனா அம்மாவின் நோயைச் சொன்னாள். நான், எனக்கு நிறையப் பேர் மேல் கோபம் என்றேன். அதில் பொய் இல்லை.

அடுத்தது தவமணி. என் பக்கத்தில் உட்கார்ந்து புடைக்கிறவள். மெலிந்த பிள்ளை, இருபத்து மூன்று வயது இருக்கும். உக்குவளையில் சின்னம்மா வீட்டில் இருக்கிறாள். சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முழங்காலில் கிள்ளினேன். புரியவில்லை அவளுக்கு.

“என் தம்பி வன்னியில இருக்கான் மிஸ். எழுவத்தேழு கலவரத்துல எங்க அப்பா இங்கருந்து அங்கிட்டு ஓடினவரு. நான் பொறந்தது அங்க. நான் மட்டும் சின்னம்மாகிட்ட வந்துட்டேன். தம்பியைக் கூட்டியாறதுக்குள்ள அவங்க இயக்கத்துக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. பதினேழு வயசு. இருக்கானா இல்லையான்னு தெரியாது. கூடப்பொறந்தவங்க யாரும் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அது பொய்.”

மிஸ் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். “எவ்வளவு தைரியம், கை தட்டுங்க” என்றாள். தட்டினார்கள். நான் தட்டவில்லை. வாசலைப் பார்த்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. ரவீந்திரன் அங்கேதான் நின்றான்.

ஒக்டோபர் 11, வியாழன்

கோபத்தில் தூக்கம் இல்லை. தலையிடி.

சாயத்தண்ணி குடிக்கிற நேரத்தில் தவமணியைச் சாக்குகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

“உனக்கு மூளை இருக்கா? சண்டை நடக்கிற இந்தக் காலத்துல வன்னின்னு வாயைத் திறப்பாங்களா?”

“நெருப்பை வச்சுக் கேட்டாங்க பாட்டி. பொய் சொன்னா தம்பிக்கு ஆகாது.”

“ஏதாச்சும் வேற உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே. தலையில பேனு இருக்குன்னு சொல்லியிருக்கலாம்.”

“அதுதான் வாயில வந்திச்சு. வேற ஒண்ணும் வரல.”

அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

எல்லாரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் நெருப்புக்கு முன்னால். மெனேஜர்கூட. அதனால் பயமில்லை என்று அவளுக்குச் சொன்னேன். வாக்குக் கொடுக்காதவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஒருத்தி மற்றவளிடம்: “மறுபடி வீடு வீடா ஐடென்டி பார்க்கிறாங்களாம்.” மற்றவள்: “பார்த்துட்டுப் போகட்டும், நாம என்னா கள்ளமா?” இதே மாதிரி எண்பத்து மூன்று கலவரத்திலும் ஒருத்தி சொன்னாள். அவள் பேரும் ஞாபகம் இருக்கிறது.

ஒக்டோபர் 15, திங்கள்

இன்று பொலிஸ் வந்தது.

ஜீப். இரண்டு ஆண், ஒரு பெண். நேரே உள்ளே வந்து பேர் சொல்லிக் கேட்டார்கள். தவமணி சுளகை மடியில் வைத்தபடி எழுந்தாள், மிளகு எல்லாம் தரையில் கொட்டியது. யாரும் பொறுக்கவில்லை.

மெனேஜர் அறை வாசலில், கையைக் களிசான் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். “சும்மா விசாரிக்கத்தான். விசாரிச்சுட்டு விட்டுடுவாங்க. வேலையைப் பாருங்க.”

சுமனா பொலிஸ்காரியிடம் சிங்களத்தில், “நங்கி, இது நம்ம பிள்ளை. ஏன் கூட்டிட்டுப் போறீங்க?” என்று கேட்டாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தவமணியின் செருப்பை எடுத்து வர விட்டாள்.

ஜீப் போன பிறகு பார்க்கிறேன், ரவீந்திரனைக் காணோம். சாப்பாட்டுக்கும் இல்லை. வேலை முடியும்வரை இல்லை.

இதைவிட என்ன வேண்டும். கதவிடுக்கில் நின்று கேட்டான், வாக்குக் கொடுக்கவில்லை, காட்டிக் கொடுத்தான், ஜீப்புக்குப் பின்னாலேயே போய்விட்டான். அப்பன் புத்தி. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

சோறு இறங்கவில்லை. மருமகள் என்னவென்று கேட்டாள். அவள்மேலும் எரிந்து விழுந்தேன். கொப்பிக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்தேன்.

ஒக்டோபர் 16, செவ்வாய்

மப்பு. இடி மட்டும், மழை இல்லை.

காலை எட்டு மணிக்கு ரவீந்திரன் வந்தான். கண் சிவந்து, சேட்டுக் கசங்கி. நான் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று கேட்டேன்.

“எத்தனை பேரைக் காட்டிக் கொடுத்தா உனக்குச் சம்பளம் ஏறும்?”

“என்னா பேசுறீங்க பாக்கியம்மா?”

“உங்க அப்பன் செத்த பிள்ளைக்காரிக்கு அரைப்பேரு போட்டான். நீ உயிரோட இருக்கிற பிள்ளையைப் பொலிஸுக்குக் குடுத்திருக்க. குடும்பத் தொழில்.”

“எங்க அப்பா செத்துப் பதினெட்டு வருசம் ஆச்சு. இன்னும் அவரை விடலியா நீங்க?”

“அவரு செத்தாரு. நான் சாகல.”

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் குனிந்து, நேற்றுக் கொட்டிக் கிடந்த மிளகைக் கூட்டி அள்ள ஆரம்பித்தான். பதில் இல்லாதவன்தான் குனிவான் என்று நினைத்தேன். மனது நிறைந்திருந்தது. முப்பத்து மூன்று வருடம் வயிற்றில் கிடந்த கல். பொய் சொல்ல மாட்டேன், மூச்சு லேசாக வந்தது.

ஒக்டோபர் 17, புதன்

தவமணியை நேற்றுப் பின்னேரம் விட்டுவிட்டார்களாம். சுமனா விசாரித்துச் சொன்னாள். வேலை முடிந்து பரீதாவும் நானும் பஸ் ஏறி உக்குவளைக்குப் போனோம். பரீதா வட்டிலப்பம் செய்து துணியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

சின்னம்மா வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். தவமணி மூலையில் பாயில். அடிக்கவில்லையாம். திரும்பத் திரும்ப ஒரே கேள்வியாம்: தம்பி பேர் என்ன, எப்போது பேசினாய், யார் மூலமாகப் பேசினாய். கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று முதலில் ஏன் மறைத்தாய்.

சின்னம்மா சொன்னாள்: “உங்க சுப்பவைசர் தம்பி இல்லைன்னா நாங்க என்ன செஞ்சிருப்போமோ தெரியாது. ஜீப்பு போன கையோட பஸ்ஸு புடிச்சு இங்க ஓடியாந்தாரு. என்னைக் கூட்டிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போனாரு. ராவு முழுக்க அங்கயே வாசல்ல உக்காந்திருந்தோம். இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்புன்னு அவருதான் கையெழுத்துப் போட்டாரு.”

பரீதா என்னைப் பார்த்தாள். நான் வட்டிலப்பத்தைப் பார்த்தேன்.

“அப்ப யாரு சொன்னது?” என்று பரீதா கேட்டாள்.

தவமணி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “மெனேஜர். பொலிஸ்காரங்களே என்கிட்ட சொன்னாங்க. உங்க மெனேஜரே போன் எடுத்துச் சொல்லியிருக்காரு, நீ மறைச்சு என்ன ஆகப்போகுதுன்னு.”

நெருப்புக்கு முன்னால் சத்தமாக வாக்குச் சொன்ன மனிதர். அதனால்தான் அந்த ஆள் பக்கம் என் புத்தி திரும்பவே இல்லை. நெருப்பு அந்த ஆளையும் பிடித்து வைத்திருக்கும் என்று நம்பினேன்.

இனி இந்தக் கொப்பியில் மெ. என்றுதான் எழுதுவேன். முழுவதும் எழுத அந்த ஆளுக்குத் தகுதி இல்லை.

ஒக்டோபர் 18, வியாழன்

ரவீந்திரனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சாயத்தண்ணி நேரத்தில் ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன். பழத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“நேரமாச்சு பாக்கியம்மா. போய்ப் புடைங்க.”

பழத்தைத் தின்றான். தோலை ஜன்னல் வழியாக எறிந்ததைப் பார்த்தேன்.

அப்பன் கணக்கு அப்படியே இருக்கிறது. மகன் கணக்கு வேறு.

ஒக்டோபர் 19, வெள்ளி

தவமணியை வேலைக்கு எடுக்க மாட்டார்கள். காலையில் வந்தவளைக் காவல்காரர் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் சின்னம்மா வீட்டு அடுப்பு எரிகிறது. வேறு ஸ்டோரில் சேர்வது? பொலிஸ் கூட்டிக்கொண்டு போன பிள்ளை என்று அதற்குள் மாத்தளை வரை பேச்சு.

மெ. அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

“அந்தப் பிள்ளை மேல குற்றம் இல்லைன்னு பொலிஸே விட்டுட்டாங்க. நீங்க ஏன் விட மாட்டேங்கிறீங்க?”

“உக்காருங்க பாக்கியம்.”

“நின்னே கேக்குறேன்.”

“இங்க நாப்பது பேரு வேலை செய்யிறீங்க. சிங்களவர், முஸ்லிம், தமிழர் எல்லாரும். ஏதாச்சும் நடந்தா யாரு பொறுப்பு? நான் உங்க எல்லாருடைய பாதுகாப்பையும் பார்க்கணும். அன்னைக்கு நான் எடுத்த அட்டையே அதுதான். அதுவும் ஒரு விழுமியம்தான்.”

“இங்க பேசுறது இங்கயே இருக்கும்னு சொன்னீங்களே. மெழுகுதிரிக்கு முன்னால.”

நெற்றியைச் சுருக்கினார். உண்மையாகவே யோசித்தார். நடிப்பில்லை.

“எந்த மெழுகுதிரி?” என்றார்.

வெளியே வந்துவிட்டேன். காட்டிக்கொடுத்ததைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம், பயந்தவன் செய்வான். அதை மறந்துவிட்டானே. ஒரு பிள்ளை தன் உயிரையே எங்கள் கையில் கொடுத்த இடம் அது. அந்த ஆளுக்கு ஞாபகமே இல்லை.

இரவு முழுவதும் நெஞ்செரிவு. மிளகு இல்லை, இது வேறு.

ஒக்டோபர் 24, புதன்

மிஸ் மறுபடி வந்தாள். சுவரில் மாட்ட ஐந்து விழுமியங்களைத் தெரிவு செய்ய. ‘நேர்மை’க்குக் கை தூக்கச் சொன்னாள். கை தூக்கினவர்கள் பாதி. அவர்களும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கினார்கள்.

அவளைத் தனியே கூப்பிட்டுத் தவமணி கதையைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அழுதாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து அழுதாள். எனக்கு அதுவும் கோபம். வீட்டுக்குப் போய் அழக்கூடாதா?

“அவங்க விருப்பப்பட்டுத்தானே சொன்னாங்க பாட்டிம்மா. நான் கட்டாயப்படுத்தலையே.”

“நெருப்பை வச்சு உண்மையைச் சொல்லுன்னா வேற என்னா கட்டாயம் வேணும்?”

“அது... மனசு அமைதியாக இருக்கட்டும்னு வைக்கிறது. எல்லா இடத்துலயும் வைக்கிறதுதான்.”

“எல்லா இடத்துலயுமா?” என்றேன். எத்தனை இடத்தில் எத்தனை பிள்ளையோ.

அவள் மெ.யிடம் போய்ப் பேசினாள். பத்து நிமிடம். வெளியே வந்து தலையாட்டினாள், இல்லை என்று. வேனில் ஏறிப் போய்விட்டாள். என்றாலும் போய்க் கேட்டாள். அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 1, வியாழன்

பாடம் பண்ணுகிறோம். வெள்ளைக்காரர்கள் வரும்போது வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் தன் பேரும் தன் விழுமியமும் சொல்ல வேண்டும். மல்லிகா நாள் முழுக்க “என் பேர் மல்லிகா, என் விழுமியம் சுத்தம்” என்று புடைக்கும்போதும் முணுமுணுக்கிறாள். பைத்தியம் பிடிக்கும்.

எனக்கு மெ. தானே ஒரு அட்டை தந்தார்: ‘அனுபவம்’. வயதானவள் என்பதற்குப் புதுப் பேர்.

தவமணி இடத்தில் யாரும் இல்லை. அவள் சுளகை நான் என் சாக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன், வேறு யாரும் எடுக்காமல்.

மனதுக்குள் நானும் பாடம் பண்ணுகிறேன், வேறொன்றை. என் முறை வரும்போது வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் தவமணி பேரைச் சொல்லி, நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும். பரீதாவிடம்கூடச் சொல்லவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

காலையில் மழை, பத்து மணிக்கு வெயில். ஸ்டோர் முழுக்கக் கழுவி, வாசலில் வாழை கட்டி.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு ஆண், ஒரு பெண். கராம்பை எடுத்து முகர்ந்தார்கள், கறுவாவை உடைத்துப் பார்த்தார்கள். மிஸ் இங்கிலீசில் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு வட்டம். சுவரில் புதுப் பலகை, ஐந்து சொல், தங்க நிறம்.

என் இடம் வட்டத்தில் நடுப்பகுதி. நெஞ்சுக்குள் முழுவதும் தயாராக இருந்தது.

மெ. சொன்னார்: “முதல்ல நம்ம சுப்பவைசர்.”

ரவீந்திரன் ஒரு அடி முன்னால் வந்தான்.

“என் பேரு ரவீந்திரன். எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல சேர். இந்த இடத்துல மனசுல உள்ளதைச் சொன்ன பிள்ளைக்கு என்னா நடந்திச்சுன்னு எல்லாரும் பார்த்தோம்.”

பின்னால் போய் நின்றுகொண்டான்.

மெ. முகம் வெளிறியது. வெள்ளைக்காரி மிஸ்ஸிடம் ஏதோ கேட்டாள். மிஸ் மெ.யைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு மொழிபெயர்த்தாள். அரைகுறையாக இல்லை. அவன் சொன்னதைவிட நீளமாகவே சொன்னாள். அந்த ஒரு இடத்தில் அவள்மேல் இருந்த கோபத்தில் கால்வாசி குறைந்தது. முக்கால்வாசி இருக்கிறது.

அடுத்தது பரீதா. “என் பேரு பரீதா. எனக்கும் சொல்ல ஒண்ணும் இல்ல.” சுமனா சிங்களத்தில் அதையே. அடுத்தவள், அதற்கடுத்தவள். மல்லிகா மட்டும் “சுத்தம்” என்றாள். அவ்வளவு நாள் பாடம் பண்ணினதை விட மனது வரவில்லை. அவளை நான் மறக்கப்போவதில்லை.

என் முறை. எவ்வளவு வைத்திருந்தேன். ஆனால் நான் சொல்ல இருந்ததை அவன் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டான். அதற்குமேல் நான் நீட்டினால் மற்றவர்கள் சொன்னதும் கெட்டுப்போகும்.

“என் பேரு பாக்கியம். எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல” என்றேன்.

கணக்கப்பிள்ளை மகன் சொன்னதை வரி பிசகாமல் நான் சொன்னேன். இதுவும் நடக்க வேண்டியிருந்திருக்கிறது.

நவம்பர் 7, புதன்

தீபாவளிக்கு முந்தின நாள். யாருக்கும் வேலை ஓடவில்லை.

மெ. ரவீந்திரனையும் என்னையும் கூப்பிட்டார். கத்தவில்லை. களைத்துப்போயிருந்தார். வெள்ளைக்காரி அந்தப் பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும் என்றாளாம். அடுத்த வாரம் மறுபடி வருகிறாளாம். அதனால் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள், பழைய இடத்தில் உட்காரட்டும், வெளியாட்களிடம் எதையும் பேசக்கூடாது.

“பேசக்கூடாதுன்னு அவளுக்கு இனி நீங்க சொல்லித் தர வேண்டியதில்ல” என்றான் ரவீந்திரன்.

ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை மெ. நானும் எதிர்பார்க்கவில்லை. எழுதி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் கேட்டேன்: “உனக்கு வேலை போயிருந்தா?”

“போயிருந்தா மாத்தளையில கடை போட்டிருப்பேன். உங்க வாழைப்பழத்தை வித்திருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

நாளை வாங்க: நல்லெண்ணெய், உளுந்து. தவமணிக்கு ஒரு சட்டைத் துணி. விலையைக் கேட்டுவிட்டு.

நவம்பர் 12, திங்கள்

வெயில். தவமணி வந்தாள்.

கேட்டில் காவல்காரர் எழுந்து நின்றார். உள்ளே யாரும் எதுவும் கேட்கவில்லை. பரீதா ஒரு பிடி மிளகை அவள் சுளகில் போட்டாள். சுமனா தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான். முன்பெல்லாம் பாடிக்கொண்டே புடைப்பாள். இன்று சுளகுச் சத்தம் மட்டும்.

சாயத்தண்ணி நேரத்தில் தானாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துணி நல்லாயிருக்கு என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல்:

“நான் உள்ள இருந்தப்ப, நீங்க சுப்பவைசரைப் புடிச்சு எல்லாருக்கும் முன்னால ஏசினீங்களாமே.”

“ஆமா. தெரியாம ஏசிட்டேன்.”

“அன்னைக்கு ஏசினது எனக்காகவா பாட்டி, அந்தப் பிள்ளைக்காகவா? எழுவத்து நாலுல செத்த பிள்ளைக்காக?”

அவளுக்கு யார் சொன்னது. பரீதாவாகத்தான் இருக்கும்.

“ரெண்டு பேருக்கும்தான்” என்றேன்.

“எனக்காகன்னா நீங்க அன்னைக்கே ஸ்டேசனுக்கு வந்திருப்பீங்க” என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

என்ன துணிச்சல் இவளுக்கு. பின்னேரம் முழுவதும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புடைத்தேன். இப்போதும் கோபம்தான். அவள்மேல் இல்லை. யார்மேல் என்று எழுதினால் என் பேரைத்தான் எழுத வேண்டும்.